எழுத்து வந்த வழி – 17: செம்பில் சுழன்ற கோடு

சென்ற வாரம் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் நின்றோம். பருத்துக் கிடந்த தமிழ் அச்செழுத்தை பி. ஆர். ஹன்ட் எப்படிச் சிறிதாக்கி, கண்ணுக்கு இதமாக்கினார், 1862இல் வின்ஸ்லோ அகராதி எப்படி வெளிவந்தது என்று பார்த்தோம். அதைப் படித்த வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரை ஆங்கிலத்தில் கொடி படர்ந்த மாதிரி அச்சடித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே தமிழ்ப் பெயர் செங்கல் அடுக்கிய மாதிரி நிற்கிறது. அந்தக் கொடி எழுத்து எங்கிருந்து வந்தது? தமிழுக்கு ஏன் அது இல்லை?”

ஓர் அத்தியாயமே கேட்கும் கேள்வி இது. பதிலைத் தேடி ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போக வேண்டியிருக்கிறது. ஆனால் நாம் புறப்படப்போகும் இடம் திருவள்ளூர் மாவட்டம். திரும்பி வந்து சேரப்போவதும் அங்கேதான்.

அந்தக் கொடி எழுத்தை அச்சுத் தொழிலில் ‘ஸ்கிரிப்ட்’ என்பார்கள். அதில் உலகமெங்கும் பரவிய வகைக்கு ‘காப்பர்பிளேட்’ என்று பெயர். பேனாவால் எழுதியது போன்ற ஓர் எழுத்துக்கு உலோகத்தின் பெயர் எதற்கு? காப்பர்பிளேட் என்றால் செப்புத் தகடு. நம் மொழியில் சொன்னால், செப்பேடு.

திருவாலங்காட்டின் 31 ஏடுகள்

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் போகும் ரயிலில் ஏறினால் வழியில் வரும் ஊர் திருவாலங்காடு. ஐந்து சபைகளில் ரத்தின சபை உள்ள ஊர். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த தலம் என்று பக்தர்கள் போற்றும் ஊர். இந்த ஊரின் பெயரால் அறியப்படும் செப்பேடுகள் 1905இல் வெளியுலகுக்குத் தெரியவந்தன. மொத்தம் 31 ஏடுகள். முதலாம் ராஜேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டில், பக்கத்திலுள்ள பழையனூரை இந்தக் கோயிலுக்குக் கொடையாக்கிய ஆணை அதில் இருக்கிறது. வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி தமிழ் எழுத்திலும் வெட்டப்பட்டவை. வடமொழிப் பகுதி சில ஆண்டுகள் கழித்துச் சேர்க்கப்பட்டது என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

‘பொன்னியின் செல்வன்’ வாசகர்களுக்கு இந்தச் செப்பேடு சொந்தக்காரர் மாதிரி. தனக்குச் சிறிய தந்தை முறையான மதுராந்தகனுக்கு அரியணை ஆசை இருப்பதை அறிந்து அருள்மொழி அதை விட்டுக்கொடுத்தான் என்ற செய்தி இதில்தான் வருகிறது. வரலாற்றாசிரியர்கள் இந்த ஏடுகளில் அரச வம்சத்தைப் படித்தார்கள். நிலத்தையும் வரியையும் படித்தார்கள். நாம் இன்று படிக்கப்போவது வேறு. எழுதப்பட்ட செய்தியை ஒதுக்கிவைத்துவிட்டு, எழுதிய கோட்டை மட்டும் பார்ப்போம்.

1920இல் வெளிவந்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ மூன்றாம் தொகுதியின் ஒரு பகுதியில் இந்தச் சாசனம் இருக்கிறது. இத்தகைய ஏடுகளின் மைப்படியை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். தமிழ் எழுத்துகள் நெருக்கமாக, ஒன்றின் தோளில் ஒன்று கை போட்ட மாதிரி போகும். புள்ளி பெரும்பாலும் இராது. வரி முழுக்க வளைவு. இந்த வளைவு செம்பில் பிறந்ததில்லை, ஓலையில் பிறந்தது. பனையோலையின் நரம்பு நீளவாக்கில் ஓடும். எழுத்தாணியால் அந்த நரம்போடு நேர்கோடு அழுத்திக் கிழித்தால் ஓலை பிளந்துவிடும். அதனால் கை வளைந்து வளைந்து போகப் பழகியது. செம்புக்கு நரம்பு கிடையாது. நேர்கோடு போட்டாலும் பிளக்காது. ஆனாலும் வெட்டியவர் ஓலையின் வளைவைத்தான் வெட்டினார். கண்ணுக்கு அதுதான் எழுத்து.

ஓலையில் எழுத்தாணி கீறிக்கொண்டு போகும். செம்பில் உளி தள்ளிக்கொண்டு போக வேண்டும். தள்ளும்போது உலோகம் இரு பக்கமும் மெல்லிய கரையாக எழும்பும். ஒருமுறை உளி வழுக்கினால் அழிக்க வழியில்லை. அரசனின் ஆணை, ஊரின் எல்லை, பெண் யானையை நடத்திக் குறித்த வரப்பு. அதில் ஒரு கோடு தவறினால் ஒரு வயல் தவறிவிடும். சோழர் காலச் சாசனங்களில் வாசகத்தை எழுதியவர் ஒருவர், வெட்டியவர் இன்னொருவர் என்பது வழக்கம். எழுதியவருக்குப் புகழ் இருந்தது. வெட்டியவரின் விரலில் காய்ப்பு இருந்தது. நான் நன்றி சொல்ல விரும்புவது அந்தக் காய்ப்புக்கு.

பழவேற்காட்டில் இறங்கிய இறகுப் பேனா

அதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக்கு வருவோம். பொன்னேரியைத் தாண்டி, ஏரியும் கடலும் சேரும் இடம் பழவேற்காடு. 1613இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயர் அது. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இதுதான்.

துணி வாங்கவும் விற்கவும் வந்தவர்கள் கூடவே எழுத்தையும் கொண்டுவந்தார்கள். கணக்கு, கடிதம், ஒப்பந்தம், சரக்குப் பட்டியல் எல்லாம் வாத்து இறகுப் பேனாவால் எழுதியவை. டச்சுக்காரர்களிடையே கையெழுத்து அப்போது ஒரு பெருங்கலை. யான் வான் டென் வெல்டே என்ற எழுத்தாசிரியர் 1605இல் ராட்டர்டாமில் ‘எழுத்துக்கலையின் கண்ணாடி’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் கப்பலையும் பறவையையும் போட்டுக்காட்டும் அளவுக்கு அந்த மரபில் கை பழகியிருந்தது. அந்த நூலின் பக்கங்களைச் செம்பில் வெட்டியவர் சைமன் ஃப்ரிசியஸ். இங்கேயும் எழுதியவர் ஒருவர், வெட்டியவர் ஒருவர்.

பழவேற்காட்டுக்கு மதகுருவாக வந்த அப்ரகாம் ரோஜரியுஸ் 1632 முதல் 10 ஆண்டுகள் இங்கே இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டு எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பிறகு 1651இல் லெய்டனில் அச்சானது. பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாகப் போய்ச் சேர்ந்தது அதன் வழியேதான். நம் கரையில் காதால் கேட்டது, அங்கே காகிதமானது.

கோட்டை இன்று மேடும் புதருமாகக் கிடக்கிறது. நிலைத்து நிற்பவை கல்லறைகள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நின்று வரவேற்கும். உள்ளே போனால் கனத்த கற்பலகைகளில் டச்சு மொழி வாசகங்கள், குடும்பச் சின்னங்கள். 1897இல் அலெக்ஸாண்டர் ரீ சென்னை மாகாணத்து டச்சு நினைவுச் சின்னங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்தப் பலகைகளின் முன்னால் நின்றால் ஒன்று தோன்றும். பேனாவுக்குச் சுலபமாக வரும் வளைவு, கல்லுக்கு வர எத்தனை உழைப்பு! ஒவ்வொரு பொருளும் எழுத்தைத் தன் பக்கம் இழுக்கும். ஓலை வளைக்கச் சொல்லும். கல் நிமிரச் சொல்லும். செம்பு மட்டும் இரண்டுக்கும் இடம் கொடுக்கும்.

ஆம்ஸ்டர்டாமில் வெட்டப்பட்ட தமிழ்

யாழ்ப்பாணத்தில் மதப்பணி செய்த டச்சுக்காரர் பிலிப்பஸ் பல்டேயுஸ். மலபாரையும் சோழமண்டலத்தையும் இலங்கையையும் விவரிக்கும் அவருடைய பெரிய நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொடுக்கும் ஒரு பகுதி உண்டு. அன்றைய ஐரோப்பியர் தமிழை மலபார் மொழி என்றுதான் சொன்னார்கள். அந்தத் தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்க்காமல் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டார்கள். ஆறே ஆண்டுகளில், 1678இல், அதே நகரத்தில் ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ வெளிவரத் தொடங்கியது. 1693 வரை 12 தொகுதிகள். அதில் செடிகளின் படத்தோடு மலையாள எழுத்திலும் பெயர்கள் செம்பில் வெட்டப்பட்டன.

திருவாலங்காட்டுச் சிற்பிக்கும் ஆம்ஸ்டர்டாம் சிற்பிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. திருவாலங்காட்டு ஏட்டை நேரே படிக்கலாம். வெட்டிய ஏடே சாசனம். ஆம்ஸ்டர்டாமில் தகடு ஒரு தாய் மட்டுமே. அதில் மை பூசி, மேற்பரப்பைத் துடைத்து, வெட்டிய பள்ளத்தில் மட்டும் மையை நிறுத்தி, ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்த வேண்டும். காகிதத்தில் நேராக விழ வேண்டுமென்றால் தகட்டில் இடவலம் மாறிய கண்ணாடிப் பிம்பமாக வெட்ட வேண்டும். தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாத ஒருவர் ‘ழ’வையும் ‘ஐ’யையும் வலமிருந்து இடமாக வெட்டியிருக்கிறார். நினைக்க நெஞ்சு நெகிழ்கிறது.

வெட்டுகிற முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாசகி கேட்ட கொடியின் வேர் அங்கேதான் இருக்கிறது. மணல் நிரப்பிய தோல் மெத்தைமேல் தகடு இருக்கும். வலக்கை உளியை உள்ளங்கையில் முட்டுக்கொடுத்துத் தள்ளும். வளைவு வரும்போது உளியைத் திருப்ப மாட்டார்கள். இடக்கை தகட்டைத் திருப்பும். உளி நிற்க, உலகம் சுழலும். குயவர் சக்கரத்தைப் போல. அதனால்தான் அந்த வளைவில் நடுக்கம் இல்லை. உளியின் முனை ஆங்கில ‘வி’ வடிவம். லேசாக வைத்தால் மயிரிழைக் கோடு; கொஞ்சம் ஆழமாக அழுத்தினால் கோடு பருக்கும்; மறுபடி லேசாக்கினால் மெலியும். பாம்பு இரை விழுங்கிய மாதிரி ஒரே கோடு மெலிந்து, பருத்து, மெலியும்.

முதலில் பேனாவின் அழகைச் செம்பு நகலெடுத்தது. பிறகு செம்பின் அழகைப் பேனா நகலெடுக்கத் தொடங்கியது. அகன்ற முனையை விட்டுவிட்டு, கூரான, வளைந்துகொடுக்கும் முனையாக இறகைச் சீவினார்கள். கீழே இழுக்கும்போது அழுத்தினால் முனை பிளந்து கோடு பருக்கும். மேலே போகும்போது விட்டால் மயிரிழை. உளி செய்ததை இறகு செய்தது. காப்பர்பிளேட் என்ற பெயர் வந்த வழி இதுதான்.

ரைட்டர் என்ற உத்தியோகம்

இந்தக் கையெழுத்தை உலகத் தொழில் எழுத்தாக்கியவர்கள் இங்கிலாந்தின் எழுத்தாசிரியர்கள். ஆங்கிலத்தில் அதற்கு ‘ரவுண்ட் ஹேண்ட்’ என்று பெயர்; உருண்ட கை எழுத்து. ஜார்ஜ் பிக்ஹாம் என்ற செப்புச் சிற்பி 25 எழுத்தாசிரியர்களின் கையெழுத்தைத் திரட்டி, தானே வெட்டி, ‘யுனிவர்சல் பென்மேன்’ என்ற நூலை 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். அதுவும் ஒரு தொடர்தான். 212 செப்புத் தகடுகள்.

அந்த எழுத்து எதற்காகப் பழக்கப்பட்டது? கப்பல் கணக்கு எழுத. வேகமாக எழுத வேண்டும், கை எடுக்காமல் எழுத வேண்டும், லண்டனில் உள்ளவனும் சென்னையில் உள்ளவனும் ஒரே மாதிரி படிக்க வேண்டும். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேரும் இளைஞனின் முதல் பதவிக்குப் பெயரே ‘ரைட்டர்’. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் அப்படித்தான் உத்தியோகம் தொடங்கினார்கள். 1825இல் பழவேற்காடும் டச்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டைகள் போயின, கம்பெனி போயிற்று. அந்தச் சொல் போகவில்லை. கும்மிடிப்பூண்டியிலோ பொன்னேரியிலோ காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தால், “ரைட்டரைப் பாருங்க” என்பார்கள்.

இன்னொரு எச்சமும் இருக்கிறது. நம் பிள்ளைகளின் நாலு கோடு நோட்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இரண்டு. அதில் ஆங்கிலக் கர்சிவ் எழுத்தைச் சாய்த்து, கோத்து, ‘காப்பி ரைட்டிங்’ பண்ணாத குழந்தை இங்கே உண்டா? செப்புத் தகட்டில் அச்சான மாதிரி எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிய பழைய பழக்கத்தின் பேரப்பிள்ளை அந்த நோட்டு. தமிழுக்கு நாம் கொடுத்தது இரட்டைக் கோடு. அதில் எழுத்து நிமிர்ந்து, தனித்தனியாக நிற்கும். செங்கல் அடுக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஈயத்துக்குக் கோக்கத் தெரியாது

செம்பில் ஓடிய கோட்டை ஈய அச்செழுத்தில் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை. 1557இலேயே பிரான்சின் லியோன் நகரில் ரோபர் கிரான்ஜோன் தன் நாட்டுக் கையெழுத்தை அச்செழுத்தாக வார்த்துப் பார்த்தார். ‘சிவிலிதே’ என்று பெயர் பெற்ற அந்த எழுத்து நெதர்லாந்திலும் பரவியது. ஆனால் உருண்ட கை எழுத்து இன்னும் கடினம். அதில் ஒவ்வொரு எழுத்தும் அடுத்ததன் கையைப் பிடிக்க வேண்டும், அதுவும் சாய்ந்தபடி.

ஈய எழுத்தின் உடல் ஒரு செவ்வகக் கட்டை. சாய்ந்த எழுத்தின் தலை கட்டைக்கு வெளியே நீளும். நீண்ட பாகம் மெல்லியது. கம்பாசிடர் ஸ்டிக்கில் கோக்கும்போதோ மெஷின் அழுத்தத்திலோ ஒடிந்துவிடும். ஒடியாமல் இருக்கக் கட்டைக்குள்ளேயே அடக்கினால், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விழும். சங்கிலி அறுந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸின் ஃபிர்மேன் திதோ இதற்கு ஒரு வழி கண்டார்: கட்டையையே சாய்த்து வார்த்தார். ஆங்கிலேயர் எழுத்து என்ற பொருளில் அதை ‘ஆங்லேஸ்’ என்றார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் சாய்ந்த கட்டைகளைக் கோக்கத் தனித் துண்டுகள் வேண்டும், தனிப் பொறுமை வேண்டும்.

ஈயத்தைத் தூக்கிப் போட்ட பிறகுதான் கொடிக்கு முழு விடுதலை. 1960களில் எழுத்தை ஒளியால் ஃபிலிமில் பதிக்கும் முறை பரவியது. ஒளிக்குக் கட்டை கிடையாது. தலை நீண்டாலும் ஒடியாது. அந்த வசதிக்காகவே 1966இல் மாத்யூ கார்ட்டர், லைனோடைப் நிறுவனத்துக்காக ‘ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்’ வடிவமைத்தார். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த சார்லஸ் ஸ்னெல் என்ற எழுத்தாசிரியரின் கைதான் அதன் மூலம். இளமையில் கார்ட்டர் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில், என்ஸ்கெடே அச்சகத்தில், எஃகில் எழுத்து வெட்டக் கற்றவர். கையால் உலோகம் வெட்டிய ஒருவர்தான் உலோகம் இல்லாத எழுத்தைச் சரியாகச் செய்தார். 1998இல் ஹெர்மன் சாப்ஃபின் ‘சாப்ஃபினோ’ வந்தது. ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள்; சொல்லின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. கணினிக்குக் கோக்கத் தெரிந்துவிட்டது. இன்று ராபர்ட் லியூஷ்கேவின் ‘கிரேட் வைப்ஸ்’ போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன.

தேரடிப் பக்கத்து அட்டை

திருவள்ளூர் தேரடிப் பக்கம் பத்திரிகை அட்டைக் கடைக்குள் போனால், கதையின் கடைசி அத்தியாயம் ரகம் ரகமாக அடுக்கியிருக்கும். மெரூன் அட்டையில் தங்க ஃபாயில், பிள்ளையார், நடுவில் கொடியாக ஓடும் இரண்டு பெயர்கள். இந்த எழுத்தைக் கையாள ஒரு பக்குவம் வேண்டும். என் தங்கை கல்யாணத்தில் அதைக் கற்றேன். ஓர் அச்சகத்தில் அவள் பெயர் முழுவதையும் ஸ்கிரிப்டின் பெரிய எழுத்திலேயே கோத்துவிட்டார்கள். ஒவ்வொரு பெரிய எழுத்தும் ஒரு குடை விரித்து நிற்கும். ஏழு குடைகள் ஒரே வரியில் முட்டிக்கொண்டன. “யார் பேருப்பா இது?” என்று கேட்டபடியேதான் பெரியப்பா பத்திரிகையை வாங்கிக்கொண்டார். பெரிய எழுத்து ஒன்று போதும். மீதி சின்ன எழுத்தாக அதைத் தொடர வேண்டும். அப்போதுதான் கொடி.

எழுத்துக்கு நடுவே இடைவெளி கூட்டினால் பிணைப்பு அறுந்துவிடும். அளவைக் குறைத்தால் மயிரிழைக் கோடு காணாமல் போகும். சொரசொரப்பான அட்டையில் ஸ்க்ரீன் பிரிண்டிங் போட்டால் அது விட்டுவிட்டு விழும். ஃபாயில் போட்டால் சின்னச் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அதனால் பெயர்களுக்கு மட்டும் அதை வைத்து, முகூர்த்த நேரம், மண்டபம், ஊர் எல்லாவற்றையும் தெளிவான எழுத்தில் போடுவதுதான் நல்ல டி.டி.பி. காரர் செய்வது. நகை எல்லா விரலுக்கும் வேண்டியதில்லை. மோதிர விரலுக்குப் போதும்.

சரி, தமிழுக்கு? வாசகியின் இரண்டாவது கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தமிழ் எழுத்தே வளைவால் ஆனது. ஆனால் அச்சுக்கு வந்தபின் அதன் இலட்சியம் நிமிர்வும் சீரும்தான். பாடநூலும் செய்தித்தாளும் அதைத்தான் கேட்டன, அது நியாயமும்கூட. பழைய எழுத்தில் ஒரு பிணைப்பு மிச்சமிருந்தது. ‘ணை, லை, ளை, னை’ என்ற நான்கின் தலையிலும் யானைத் தும்பிக்கை வளைந்து நிற்கும். ‘ணா, றா, னா’ என்ற மூன்றும் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுருண்டுவிடும். பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் இவற்றை எளிமையாக்கி அச்சிட்டார். 1978 அக்டோபர் 19 அன்று எம்.ஜி.ஆர். அரசு அந்தச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. அதே சுருண்ட கால் வரும் ஒகர, ஓகார எழுத்துகளையும் சேர்த்து மொத்தம் 13 எழுத்துகள். தட்டச்சுக்கும் பள்ளிக்கும் அது பெரிய நன்மை. அதை யாரும் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் அலங்காரத்துக்கென்றே ஓர் எழுத்துரு செய்கிறவர், தும்பிக்கையை மாற்று வடிவமாக உள்ளே வைத்துக்கொள்ளலாமே! சாப்ஃபினோவில் இருக்கும் வசதிதான் அது.

தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவாணர்’ எழுத்துரு கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. கையெழுத்தின் சாய்வை யூனிகோடு தமிழுக்குக் கொண்டுவந்த முயற்சி. இது போல இன்னும் பத்துப் பேர் வர வேண்டும். வருகிறவர்கள் ஆங்கிலக் கொடியைப் பார்த்துத் தமிழுக்குச் சுருள் ஒட்டக் கூடாது. ஒட்டினால் பொட்டுக்கு மேல் பொட்டு வைத்த மாதிரிதான் இருக்கும். தமிழ்க் கோட்டை உலோகத்தில் ஓட்டிய கை எங்கே இருக்கிறது என்று தேடிப் போக வேண்டும்.

பெயர் வெட்டுகிறவர்

அந்தக் கையை நான் பொன்னேரி கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடை வாசலில் பார்த்தேன். கல்யாணச் சீர் வாங்க வந்த ஒரு குடும்பம். குடம், அண்டா, தட்டு, செம்பு. “பேர் வெட்டிடலாமா?” என்றார் கடைக்காரர். வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் செம்பை மடியில் வைத்துக்கொண்டார். சின்ன உளி, சின்னச் சுத்தியல். பென்சிலால் குறிக்கவில்லை. டிக் டிக் டிக் என்று உளி நகர்ந்தது. வளைவு வந்தபோது நான் அவருடைய இடக்கையையே பார்த்தேன். உளியை அவர் திருப்பவில்லை. செம்பைத் திருப்பினார்.

ஆம்ஸ்டர்டாமின் மணல் மெத்தைமேல் சுழன்ற தகடு மாதிரியே, பொன்னேரியில் ஒரு மடியில் செம்பு சுழன்றது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, உலோகம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. எழுத்துகள் கொஞ்சம் சாய்ந்திருந்தன. ஒன்றின் வால் அடுத்ததன் காலைத் தொட்டது. கடைசி எழுத்தின் வாலை இழுத்து, அடியில் ஒரு சுழி போட்டு முடித்தார். ஐந்து நிமிடம் ஆகவில்லை.

இப்போது பல கடைகளில் மின்சார ஊசி வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி மாதிரியான தொழிற்பேட்டைகளின் உலகத்தில் லேசர் கதிரே எஃகில் எண்ணும் பெயரும் பொறித்துவிடும். அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கருவிகளுக்கு எந்த எழுத்தைக் கொடுத்தாலும் வெட்டும். கொடுப்பதற்கு நல்ல தமிழ் எழுத்து வேண்டும். அதைப் பெயர் வெட்டுகிறவர்களிடமிருந்து இப்போதே எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் பழைய குடத்தையும் செம்பையும் படமெடுத்து, மைப்படி எடுத்து, எழுத்து எழுத்தாகச் சேர்த்தால், தமிழுக்கு ஒரு காப்பர்பிளேட் நம் வீட்டுப் பரணிலேயே கிடைக்கும். பிக்ஹாம் 25 பேரின் கையைத் திரட்டினார். நம் பரண்களில் எத்தனை பேரின் கை இருக்கிறது!

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் பரணில் ஏறினேன். பாட்டியின் சீர்ச் செம்பு புளி போட்டுத் தேய்த்த பிறகு சிவந்தது. அவர் பெயரின் கடைசி எழுத்து ‘லை’. 1978க்கு முந்தைய ‘லை’. தும்பிக்கை மேலே எழும்பி, வளைந்து, முன் எழுத்தின்மேல் லேசாகச் சாய்ந்திருந்தது. விரலால் தடவினேன். உளி தள்ளிய கரை இன்னும் விரலில் தட்டுப்பட்டது.

அடுத்த வாரம்: நாகப்பட்டினத்துக் கொடையைச் சொல்லும் 21 செப்பேடுகள் லெய்டனுக்குக் கப்பலேறிய கதை.

(தொடரும்)